இரண்டரை அடி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் நன்றாகத்தான் இருக்கிறோம். என் காது மட்டும் முன்னைவிட மந்தம். போன வாரம் நீ போனில் அரைமணி நேரம் பேசினாய். எனக்குக் கேட்டது முதலில் "ஹலோ", கடைசியில் "வச்சிடறேன்". நடுவில் என்ன சொன்னாய் என்று அத்தானைக் கேட்டால், "உன் தம்பிதானே, கோணத்தைப் பத்தி ஏதோ சொன்னான்" என்கிறார். இனிமேல் நமக்குக் கடிதம்தான் சரிப்படும்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. இரண்டு ரோடு வந்து சேருகிற முனையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த முக்கோணத் துண்டு, கோடு போட்டதும் ஒரு மாதிரி வீட்டுக் களை வந்துவிட்டது. மேஸ்திரி உன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகப் பிடித்துப் பார்த்தார். "ஒரு சுவரும் இன்னொரு சுவரும் நேரா சந்திக்கவே இல்லையேம்மா, ரெண்டுக்கும் சண்டையா?" என்று சொல்லித் தன் மூலைமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. என் தையல் அறையில் துணி வெட்டுகிற மேஜை அடங்காது போலிருக்கிறது. ஹாலிலிருந்து கூர்முனைப் படுக்கையறைக்குப் போகிற நடை நாலு அடி அகலம் போட்டிருக்கிறாய். அதிலிருந்து ஒன்றரை அடி எனக்குக் கொடேன். நடையில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? மேஸ்திரியிடம் சொல்லிச் சும்மா கோடு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நடை நடுவில் முழங்கை மாதிரி ஒரு மடக்கு மடங்குகிறது, அவ்வளவுதான்.

உன் அத்தான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அல்லவா, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு வாசல் கோட்டில் நுழைந்தார். ஹாலைச் சுற்றினார், நடைக்குள் போனார், மடக்கில் நின்றுவிட்டார். "இந்த வளைவுல நீளமான வண்டி திரும்பாது" என்றார். மேஸ்திரி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை, போட்டோவில் உன் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது.

அக்கா


மார்ச் 30

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது, மூன்றாவது தடவை போய்விட்டது. இங்கே நான் சௌகரியமாக இருக்கிறேன், நெற்றியைத் தவிர.

முதலில் முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஒரு கோடு நகர்ந்தால் எல்லாக் கோடும் நகரும். அது உனக்குப் புரியாது, உனக்கு மேஜை முக்கியம். ஆனால் வரைந்து பார்த்தபோது ஆச்சரியம். நடை குறுகி மடங்குகிற இடத்தில் மேலே ஒரு கண்ணாடிக் கீற்று வைத்தால் வெளிச்சம் அந்த மடக்கில் விழுந்து உடைகிறது. நாலு அடி நடையில் இந்த அழகு இல்லை. உன் மேஜை எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. புது வரைபடம் இத்துடன் இருக்கிறது. மேஸ்திரியிடம் கொடு.

அத்தான் வீட்டுக்குள் பஸ் விடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல், ஒரு டிப்போவே வரைந்து தருகிறேன்.

அக்கா, இது நான் வரைகிற முதல் வீடு. இந்த வெளிநாட்டு ஆபீஸில் நான் வரைவதெல்லாம் மற்றவர்கள் வரைந்ததன் மிச்சம். அப்பா அம்மா போன பிறகு ஒன்பது வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நீ புகுந்த வீட்டுக்குப் போனாய். அத்தான் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. தன் சீட்டுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுவார், அது ஸ்டாப்பே இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு ஆசை.

அத்தானின் இருமல் எப்படி? எழுது.

தம்பி


டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. உன் புண்ணியத்தில் இரண்டு பேரும் சுகம். எழுதத் தாமதம், வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது சரியாக இருக்கிறது.

அழகை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். காலையில் படுக்கையறையில் கண் விழித்தால் இடது பக்கக் கண்ணாடிக் கீற்றில் ஒரு ரோடு, வலது பக்கக் கீற்றில் இன்னொரு ரோடு. உன் அத்தான் படுத்தபடியே இரண்டு ரோட்டிலும் போகிற பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறார். "ஆறு நாப்பது ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று திட்டுகிறார். ரிட்டையர் ஆன மாதிரியே தெரியவில்லை. ஒரு கப்பலின் மூக்கில் படுத்திருப்பதுபோல இருக்கிறது என்று பக்கத்து மருந்துக்கடைக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

இப்போது குறை. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு சந்து. அதில் இதுவரை ஒரு சீப்பு, இரண்டு தலையணை உறை, அத்தானின் கண்ணாடிக் கூடு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கட்டிலையே பாகம் பாகமாகக் கழற்றித்தான் நடை வழியாகக் கொண்டுபோனோம். தச்சர் வியர்த்து வழிந்து, "இந்த வீட்டை வரைஞ்சவர் கட்டில்ல படுக்க மாட்டாரா?" என்று கேட்டார். என் தம்பி என்று சொல்லவில்லை.

தையல் அறை மட்டும் ராஜாங்கம். மேஜையைச் சுற்றி நாலு பக்கமும் நடந்து துணி வெட்டுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவை.

இருமல் குறைந்துவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார். வயசு அறுபத்தாறு, வாங்கத்தானே செய்யும்.

அக்கா


ஜனவரி 18

என் அக்காவுக்கு,

சந்தோஷமான செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. நீ அனுப்பிய போட்டோக்களை இங்கே ஒரு கட்டடக்கலைப் பத்திரிகைக்காரரிடம் காட்டினேன். ஆளே அசந்துவிட்டார். நல்ல புகைப்படக்காரர் ஒருவரை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அட்டையில் அந்த நடைதான் வரப்போகிறது. பதினொன்றரை மணி வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நடையில் நீ துணி உலர்த்தும் கொடி எதுவும் கட்டியிருந்தால் அன்று ஒரு நாள் அவிழ்த்துவிடு.

எனக்கு முப்பத்தெட்டு வயது. இத்தனை நாளில் ஒருவர் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மூச்சு வாங்குவதை டாக்டரிடம் காட்டச் சொல். நீயும் காதைக் காட்டு.

தம்பி


ஏப்ரல் 21

அக்கா,

எழுதத் தெரியவில்லை. அத்தான் போய்விட்டார் என்று மருந்துக்கடை அம்மா போனில் சொன்னதிலிருந்து நான் நானாக இல்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. அந்த அலுவலகத்துக்குத் தினமும் போனேன், கெஞ்சினேன், ஒரு நாள் சத்தமும் போட்டேன். கிடைக்கவில்லை. எனக்கு அப்பாவாக இருந்தவரை அனுப்பிவைக்க நான் வரவில்லை. இதை எப்படி ஆற்றிக்கொள்வேன்?

நீ சாப்பிடுகிறாயா? துணைக்கு யார் இருக்கிறார்கள்? என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. நெஞ்சு வலி என்றார் அந்த அம்மா, அதற்குமேல் சொல்லவில்லை. முடிந்தபோது எழுது. முடியாவிட்டால் வெறும் காகிதத்தையாவது போடு. உறையின் மேலே உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

தம்பி


மே 2
(எழுதி, அனுப்பாமல் தையல் மெஷின் டிராயரில் வைத்தது)

தம்பி,

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சர் நம் நடையில் திரும்பவில்லை. அவர்கள் எவ்வளவோ


மே 6

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். மருந்துக்கடை அம்மா இரண்டு வேளை சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். போகச் சொன்னாலும் போவதில்லை, என் காதைவிட அவள் காது மந்தம் போலிருக்கிறது.

காலை பத்து மணிக்கு வலி என்றார். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. நீ வரவில்லை என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் அதை நினைத்து மருகாதே. உன்னைப் பற்றி அவருக்குப் பெருமைதான். பத்திரிகை அட்டையைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார், பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

நான் இப்போது தையல் அறையில் பாய் போட்டுப் படுக்கிறேன். அந்த அறை பெரியது, காற்று வருகிறது. வேறு காரணம் இல்லை.

அக்கா


ஜூன் 14

என் அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் சின்னதாகிக்கொண்டே வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு செய்தி. இந்த நேரத்தில் சொல்லலாமா என்று பத்து நாள் யோசித்தேன். இங்கே ஒரு கம்பெனி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளுக்காகப் பன்னிரண்டு வீடு கட்டுகிறது. பத்திரிகையில் அந்த நடையைப் பார்த்துவிட்டு அதே வீடு வேண்டும் என்கிறார்கள். முக்கோணம், கூர்முனைப் படுக்கையறை, மடங்குகிற நடை, எல்லாம் அப்படியே. பன்னிரண்டும் அந்தப் படத்தைக் காட்டியே பதிவாகிவிட்டது. வரைபடத்தில் என் பேர் இருக்கும்.

நான் முதலில் நினைத்தது அத்தானைத்தான். அவர் கடைசியாகக் கண் விழித்துப் பார்த்த மாதிரி இன்னும் பன்னிரண்டு பேர் இரண்டு ரோட்டையும் பார்த்தபடி கண் விழிப்பார்கள். அவர் பேரைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

ஒரு உதவி செய். நான் வரைந்தது ஒன்று, மேஸ்திரி கட்டியது கொஞ்சம் வேறாக இருக்கலாம். அந்த மடக்கில் நடை சரியாக எவ்வளவு அகலம் என்று உன் தையல் டேப்பால் அளந்து எழுது. ஆகஸ்ட் முதல் வாரம் கையெழுத்துப் போட வேண்டும்.

தம்பி


ஜூலை 11

அக்கா,

கடிதம் கிடைத்ததா? சுகமாக இருக்கிறாய்தானே? மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். "அக்கா நல்லா இருக்காங்க, தைக்கிறாங்க" என்றார்கள். அளவு கேட்டேனே என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டார். என்மேல் ஏதாவது கோபமா?

தம்பி


ஜூலை 24

தம்பி,

உடம்பு பரவாயில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, இதை முதலில் எழுதிவிடுகிறேன். மேலே படிக்கும்போது மறந்துவிடாதே.

அளந்தேன். மடக்கில் இரண்டரை அடி. வரைந்ததற்கு ஒரு நூல்கூடக் கூடவோ குறையவோ இல்லை, மேஸ்திரி யோக்கியன்.

அன்றைக்குப் பத்து மணிக்கு வலி வந்தது. மருந்துக்கடை அம்மா போன் போட்டு ஏழாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வாசலில். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். அது மடக்கில் திரும்பவில்லை. முன்னால் தூக்கிப் பார்த்தார்கள், பின்னால் தூக்கிப் பார்த்தார்கள். அவரை அதில் படுக்கவைத்துச் சாய்த்தால் சரிந்து விழுவார். நாற்காலி கேட்டார்கள், ஹாலிலிருந்து கொண்டுபோனேன். ஒரு ஆள் உட்கார்ந்த நாற்காலியும் இரண்டு பக்கமும் பிடிக்கிற கையும் சேர்ந்து அதில் நுழையவில்லை. ஜன்னலை உடைக்கலாமா என்றார் ஒருவர். உன் கண்ணாடிக் கீற்று ஒரு சாண் அகலம். கடைசியில் போர்வையில் வைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தரையோடு தரையாகக் கொண்டுவந்தார்கள். முன்னால் போனவரின் முழங்கை சுவரில் தேய்ந்து ரத்தம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இழுத்தான்.

உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிறவரைக்கும் பத்தொன்பது நிமிஷம். ஹால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், வேறு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஸ்ட்ரெச்சர் இடித்து நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்து, "நான்தான் சொன்னேன்ல, திரும்பாதுன்னு" என்றார். அது எனக்கு நன்றாகக் கேட்டது. ரோட்டுக்கு வந்தபோது பேச்சு இல்லை.

நாலு அடி நடை கேட்காமலே நீ கொடுத்தது. இரண்டரை அடி ஆக்கியது நான், என் மேஜைக்காக. அதனால்தான் எழுதவில்லை. நீ உன்னைத்தான் குற்றம் சொல்வாய் என்று தெரியும், நான் என்னைத்தான் சொல்வேன். ஒரு ஆள் அனுபவித்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பன்னிரண்டு வீடு என்கிறாய். வயசானவர்கள் என்கிறாய். அந்தக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் படுத்தேன். உன் முதல் பேரை நானே கெடுக்கிறேனே என்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு பெண்களும் ஹாலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்களே என்றும் இருந்தது.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


அக்டோபர் 5

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு மாசம் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. எழுத உட்காருவேன், அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். டிப்போ வரைந்து தருகிறேன் என்று எழுதிய கை இது.

நீ மேஜை கேட்டாய். துணி வெட்டுகிறவள் மேஜை கேட்கத்தான் கேட்பாள். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் நான் படித்தேன். வெளிச்சம் அழகாக விழுகிறது என்று ஒரு மனுஷன் படுத்து வருகிற அகலத்தைப் பார்க்காமல் விட்டேன். இதில் உனக்குப் பங்கு இல்லை.

கம்பெனியில் சொன்னேன். நடையை நேராக்கி நாலு அடி போட்ட வரைபடத்தைக் கொடுத்தேன். "படத்தில் இருக்கிற நடைக்காகத்தான் எல்லாரும் பதிவு பண்ணியிருக்கிறார்கள்" என்றார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வேறு ஆளைப் போட்டு அதே பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பதிவு செய்த பன்னிரண்டு பேரின் முகவரியையும் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். அத்தானுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், நீ எழுதியபடியே. ஒன்பது பேர் கம்பெனிக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். இப்போது பன்னிரண்டு வீட்டிலும் நடை நாலு அடி, நேர் நடை. என் பேர் எதிலும் இல்லை, கம்பெனி புகார் சொன்னதில் என் ஆபீஸ் வேலையும் போய்விட்டது. அதற்கெல்லாம் வருத்தம் இல்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். அன்றைக்கு அத்தானைப் பார்த்த டாக்டரிடம் போய்க் கேள். அந்தப் பத்தொன்பது நிமிஷம் இல்லாமலிருந்தால் பிழைத்திருப்பாரா? எதுவாக இருந்தாலும் அப்படியே எழுது. தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை அக்கா. காலையில் பல் தேய்க்கும்போதே அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

தம்பி


அக்டோபர் 28

என் தம்பிக்கு,

நான் திடமாக இருக்கிறேன். வேலை போனால் போகட்டும், நீ செய்தது சரி. உன் அத்தான் இருந்திருந்தால் இதையும் டிப்போவில் போய்ச் சொல்லியிருப்பார். பாஸ்போர்ட் இப்போது கையில் இருக்கும் அல்லவா, புறப்பட்டு வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

டாக்டரிடம் போனேன். நீ கேட்டதற்காக மட்டும் இல்லை, ஆறு மாசமாக எனக்கும் அதே கேள்விதான். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினாலு பேர். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். நான் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லிவிட்டால், அதை உனக்கு எழுதிவிட்டு நீ அங்கே தனியாக என்ன ஆவாய்? பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னால், அக்கா நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நீ நினைப்பாய். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி எழுதினவள்தானே நான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். காது கேட்காது என்று தெரிந்து சத்தமாக, "சொல்லுங்கம்மா, என்ன கேக்கணும்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது.

முழங்கால் வலிக்கிறது என்றேன்.

குனிந்து இரண்டு காலையும் மடக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒரு களிம்பு எழுதிக்கொடுத்துத் தினம் இரண்டு வேளை தடவச் சொன்னார். காலையும் சாயங்காலமும் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன். முழங்காலில் எனக்கு ஒரு வலியும் இல்லை, தம்பி.

அக்கா